ஓர் இருமலுக்கு ஒரு கியர்

எங்கள் தெருவில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்றே ஆகவேண்டும். மனோர் பார்க்கில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பவை. கராஜ் என்று எதுவும் கிடையாது. இரண்டு கரையிலும் கார்களை நிறுத்திவிட்டு, நடுவில் ஒரு கார் போகிற அளவுக்கு மட்டும் வழி விட்டிருப்பார்கள். அந்த வழியில் எதிரே வருகிறவர் முன்விளக்கை ஒரு தடவை மின்னினால், லண்டனில் அதற்கு "நீங்கள் வாருங்கள், நான் நிற்கிறேன்" என்று பொருள். யாழ்ப்பாணத்தில் அதே மின்னலுக்கு "நான் வாறன், நீ விலகு" என்று பொருள். கார் ஓடப் பழகிய நாட்களில் எதிரே வெளிச்சம் மின்னியதும் நான் பிரேக்கை அமத்திக்கொண்டு ஓரமாய் ஒடுங்கிவிடுவேன். அவர் மறுபடியும் மின்னுவார். கோபிக்கிறார் போலிருக்கிறது என்று நான் இன்னும் ஒடுங்குவேன். ஒரு தடவை ஒரு மனிதர் காரை நிறுத்தி இறங்கி வந்து, கண்ணாடியைத் தட்டி, "உங்களுக்கு ஏதும் சுகமில்லையா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் நான்கு கார்கள் நின்றன. ஒருவர்கூட ஹோர்ன் அடிக்கவில்லை.

இந்த ஊரைக் குறை சொல்லச் சொன்னால் நான் இரண்டு நாள் விடாமல் சொல்லுவேன். மழை, பல் வைத்தியருக்குக் காத்திருக்கும் காலம், உப்பில்லாத பீன்ஸ், மூன்று வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் பெயர் கேட்காத மனிதர்கள். ஆனால் முகம்கூடச் சரியாகத் தெரியாத ஒருவர் தன் காரை நிறுத்தி எனக்கு வழி விடுகிறாரே, நான் கையை உயர்த்த அவரும் ஒரு விரலை உயர்த்திவிட்டுப் போகிறாரே, அதற்காக இவர்களுக்கு நிறைய மன்னித்துவிடலாம் என்று எனக்குப் படுகிறது.

வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயிலுக்குப் போனால், புதிதாக வந்த பிள்ளைகள் யாராவது என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "அக்கா, சின்னக் கார் ஒண்டு வாங்கப் போறம். கியர் காரோ, ஓட்டோமற்றிக்கோ?" நான் கார் ஓடுவதும், அதிலே வேலை செய்வதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். "கியர்" என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுவேன். ஏன் என்று கேட்டால்தான் சங்கடம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பூசை முடிந்து, பிரசாதமும் முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கியர் காரில் இடது காலால் கிளட்சை அமத்தி, கையால் கியரை மாற்றி, கிளட்சை மெல்ல மெல்ல விடவேண்டும். ஓட்டோமற்றிக்கில் இந்த வேலையெல்லாம் காரே பார்த்துக்கொள்ளும். இடது கால் சும்மா இருக்கலாம். இதுவரை எல்லாம் சுகம்தான். ஆனால் இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. கியர் காரில் டெஸ்ட் பாஸ் பண்ணினால் இரண்டு வகையும் ஓடலாம். ஓட்டோமற்றிக்கில் பாஸ் பண்ணினால் ஓட்டோமற்றிக் மட்டும்தான் ஓடலாம். எங்கள் வீட்டுச் சண்டை முழுவதும் இந்தச் சட்டத்தில்தான் தொடங்கியது.

என் கணவர் சுன்னாகச் சந்தியில் ஹயர் கார் ஓடியவர். கலியாண வீடு, ஆஸ்பத்திரி, கோயில் என்று வாடகைக்குப் போகிற பழைய மொறிஸ் மைனர். எனக்கு அப்போது காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் பின் சீற் இருக்கையும், வெயிலில் அது சுடும் விதமும்தான். இவர் கியர் மாற்றுவதை யாரும் பார்க்க முடியாது, கேட்கவும் முடியாது. பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போனால் அவள் நித்திரையாகிவிடுவாள் என்று சந்தியில் சொல்வார்கள். அந்தப் பெயரில் இவருக்கு நல்ல பெருமை இருந்தது. பிறகு யுத்தம் வந்து, ஒரு நாள் செல் குண்டு விழுந்தது. காருக்கு என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. இவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே நரம்பு போய்விட்டது. நடப்பார், சற்று இழுத்து இழுத்து நடப்பார். ஆனால் அந்தப் பாதத்தால் ஒன்றை முழுவதும் அமத்தவும் முடியாது, அமத்தியதை மெல்ல மெல்ல விடவும் முடியாது. ஒரு சாரதிக்கு வேறெந்த உறுப்பில் பட்டிருந்தாலும் சமாளித்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் லண்டனுக்கு வந்து சேர்ந்தோம். இல்ஃபோர்டில் ஒரு பட்டறையில் கதிரையில் இருந்தபடி மின்சார பிளக்குகளைப் பூட்டும் வேலை இவருக்குக் கிடைத்தது. நான் கவுன்சில் சமையலறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டை விட்டு வெளியே வரமுடியாத முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு செய்து, தட்டுகளில் மூடி, சின்ன வான்களில் வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுக்கும் இடம். நான் உருளைக்கிழங்கு தோல் உரித்து, பாத்திரம் கழுவினேன். ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கு அந்த வான்கள் புறப்பட்டுப் போவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மொறீன் என்ற ஐரிஷ் மனுஷி அதைக் கவனித்திருக்கிறாள். ஒரு நாள் என் பக்கத்தில் வந்து, "வசந்த காலத்தில் ஒரு டிரைவர் ஓய்வு பெறுகிறார். உனக்கு லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "ஏப்ரல் முடியும்வரை அந்த இடத்தை உனக்காக வைத்திருப்பேன்" என்றாள். ஏன் எனக்கு என்று கேட்டேன். "நீதான் அந்தச் சாப்பாடு போகிற திசையைப் பார்க்கிறாய்" என்றாள். வான்கள் எல்லாம் கியர் வான்கள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது, இவர் உடனே, "அப்ப ஒரு கார் வாங்கவேணும். சொந்தக் காரில பழகினாத்தான் கை படியும்" என்றார். எனக்கு அப்போது வேறு யோசனை வந்தது. ஓட்டோமற்றிக் கார் என்றால் இவரும் ஓடலாம். நான்கு வருடமாக இவர் பஸ்ஸின் மேல்தட்டில் முன் சீற்றில் இருந்து றோட்டைப் பார்த்துக்கொண்டு போகிறார். பஸ் சாரதி பிரேக் போடும்போது இவர் கம்பியைப் பிடிப்பார். ஒரு காருக்கு மேல் எங்களால் வாங்க முடியாது. வான் வேலை போனால் போகட்டும், உருளைக்கிழங்கு எங்கேயும் போய்விடாது, இவர் ஒரு தடவை ஸ்டியறிங்குக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

றொம்ஃபோர்ட் றோட்டில் பழைய கார் விற்கும் ஓர் இடத்துக்கு ஒரு சனிக்கிழமை போனோம். பிஸ்கற் நிறத்தில் ஒரு சின்ன ஓட்டோமற்றிக் கார் நின்றது. இவரை அதில் ஏறி இருக்கச் சொன்னேன். ஏறினார். இரண்டு கையையும் ஸ்டியறிங்கில் வைத்தார். முதுகு நிமிர்ந்தது. சுன்னாகச் சந்தியில் நின்ற மனிதனை நான் அப்போது திரும்பவும் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு இறங்கினார். பக்கத்தில் நின்ற ஒரு சிவப்பு கியர் காரின் பொனற்றைத் திறக்கச் சொன்னார். விற்பனைக்காரனை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது நல்ல எஞ்சின். இதை எடுப்பம்" என்றார்.

"உங்களுக்கென்ன விசரே? உதை நீங்கள் எப்பிடி ஓடுறது?" என்றேன்.

"நான் ஓட வேண்டாம். நீர்தான் ஓடப் போறீர்."

"எனக்கு உந்த வான் வேலை வேண்டாம். நான் அந்தக் காரைத்தான் சொன்னனான்."

"அதில நீர் பாஸ் பண்ணினா ஆயுளுக்கும் அந்தச் சாதிக் காரைத்தான் ஓடலாம். பிறகு ஜன்னலால பாத்துக்கொண்டு நிண்டு கிழங்கு உரியும். எனக்கு பஸ் இருக்கு."

நாங்கள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அந்த விற்பனைக்காரன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு, "மேடத்துக்குச் சிவப்புப் பிடிக்கவில்லை என்றால் பின்னால் ஒரு நீலம் இருக்கிறது" என்றான். இவர் சிரிக்காமல், "சிவப்பு அவவுக்கு நிரம்பப் பிடிக்கும்" என்று இங்கிலீஷில் சொன்னார். நான் மூன்று நாள் இவரோடு கதைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவேன். நான்காம் நாள் காலையில் பார்த்தால், அந்தக் குளிரில் இழுத்து இழுத்து நடந்து காரைச் சுற்றிச் சுற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் என்ன கோபத்தைப் பிடித்து வைத்திருப்பது?

இவருக்கு இங்கத்தைய லைசென்ஸ் இல்லாததால் எனக்குப் பக்கத்திலிருந்து பழக்கச் சட்டம் இடம் கொடுக்காது. டெனிஸ் என்று ஒருவர் வந்தார். பஸ் ஓடி ஓய்வு பெற்று, பிறகு கார் பழக்குவதற்கு முறையாகப் படித்தவர். மெல்லிய குரல், நரைத்த மீசை. நான் எந்தப் பிழை விட்டாலும் "பரவாயில்லை, இன்னொரு தடவை பார்ப்போமா?" என்பார். எங்கள் காரிலேயே பாடம். அவர் இடது பக்கச் சீற்றில். இவர் பின் சீற்றில், "சும்மா பாக்க வாறன்" என்று சொல்லிக்கொண்டு. முதல் பாடத்தில் நான் கிளட்சோடு மல்லுக்கட்டினேன். கார் துள்ளித் துள்ளி நின்றது. எப்போது கியர் மாற்றுவது என்று எனக்குத் தெரியவே இல்லை. டெனிஸ் வேகமுள்ளைப் பார்க்கச் சொன்னார். முள்ளைப் பார்த்தால் றோட்டைக் காணோம், றோட்டைப் பார்த்தால் முள்ளைக் காணோம். அந்த நேரம் பின்னால் இவர் மெதுவாக ஒரு தடவை இருமினார். கை தன்பாட்டில் போய் இரண்டாவது கியரைப் போட்டது. சத்தமில்லாமல் விழுந்தது.

அந்த இருமல் எனக்குத் தெரியும். சந்தியில் ஹயர் கார் பழகுகிறவர்கள் ஆட்களை ஏற்றியபடிதான் பழகுவார்கள். வெறுங்காரை ஓடிப் பெற்றோலை எரிக்க யாராலும் ஏலாது. ஆனால் ஸ்டியறிங்கில் இருப்பவன் பழகுகிறவன் என்று பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிந்தால் இறங்கிவிடுவார்கள். ஆகவே பக்கத்திலிருக்கும் மூத்த சாரதி வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு தடவை இருமினால் கியரைக் கூட்டு. இரண்டு தடவை இருமினால் குறை. தொண்டையைச் செருமினால் பிரேக். கலியாணம் முடித்த புதிதில் இவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். எத்தனையோ ஆச்சிமார் அந்த இருமலைக் கேட்டு "தம்பி, உந்த நெஞ்சுச் சளிக்குத் தூதுவளை சாப்பிடு" என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார்களாம்.

லண்டனில் அதே கதை வேறு மொழியில் நடந்தது. இரண்டாம் பாடத்தில் டெனிஸ் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் பாடத்தில் ஒரு பெப்பர்மின்ற் பொட்டலத்தைப் பின்னால் நீட்டி, "நெஞ்சுக்கு நல்லது" என்றார். நான்காம் பாடத்தில் தன் டொக்டரின் முகவரியை எழுதிக் கொடுத்தார். இவர் எல்லாவற்றையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். உண்மையைச் சொல்லுங்கோ என்று நான் சொன்னால், "அந்த மனுசன் பழக்கிறார். பின்னால நான் ஒராள் இருந்து பழக்கிறன் எண்டு தெரிஞ்சா மனம் நோகும்" என்றார். என் கியர் மாற்றம் நாளுக்கு நாள் வடிவாகியது. டெனிஸ் அதைத் தன் பாடத்தின் பலன் என்று நினைத்து மகிழ்ந்தார். பாவம், பாதி அவருடையதும்தான். விளக்கு மின்னினால் போகலாம் என்று எனக்கு விளங்கவைத்தவர் அவர். ஒரு நாள் முழுவதும் தெருத் தெருவாகக் கொண்டு போய், மின்னுகிற ஒவ்வொருவருக்கும் "அவர் உங்களைக் கூப்பிடுகிறார், போங்கள்" என்று பொறுமையாகச் சொன்னார்.

பெப்ரவரியில் முதல் டெஸ்ட். சோதிக்க வருகிறவரைத் தவிர வேறு யாரும் காரில் ஏறவில்லை. இவர் டெஸ்ட் நடக்கும் இடத்து வாசலில் நின்றார். என் பக்கத்தில் ஏறி இருந்தவர் ஒல்லியான, மிகவும் ஒழுங்கான மனிதர். மடித்து வைத்த கைக்குட்டை, தடிமன் பிடித்த சிவந்த மூக்கு. முதல் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் போனது. பிறகு, ஒரு சந்தியை நோக்கி இரண்டாவது கியரில் மெல்லப் போய்க்கொண்டிருக்கும்போது அவர் இருமினார். என் கை மூன்றாவதைப் போட்டுவிட்டது. கார் சந்திக்குள் பாய்ந்தது. அவர் கிளிப்போர்டை இறுக்கிப் பிடித்தார். நேர் றோட்டில் நாலாவதில் போகும்போது இரண்டு தடவை இருமினார். நான் குறைத்தேன். எஞ்சின் அலறியது. பின்னால் வந்தவர் பிரேக் போட்டார். எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் கைக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு இருமல் வரும்போதெல்லாம் நான் ஸ்டியறிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாற்றவேண்டிய இடத்திலும் மாற்றாமல் போனேன். கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நடு றோட்டில் பிரேக் போட்டேன். அவர் சொல்ல வந்தது "அடுத்த இடது பக்கம் திரும்புங்கள்" என்பதாம்.

வாசலில் வந்து இவரிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. ஏப்ரலுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. இவர் முதலில் திகைத்துப் போய் நின்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். காரின் பொனற்றில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கால் போன பிறகு இவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தடவையும் ஃபெயில் பண்ணலாம் போல் இருந்தது. சிரித்து முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிழை என்ரதான். நான் உம்மை என்ர காலில நிக்க வைச்சிட்டன். இனி நான் காரில ஏறேல்லை" என்றார்.

சொன்னபடியே ஏறவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் வாசல் படலையில் நின்றார். நான் புறப்பட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்புகிற சத்தம், பிறகு பின்தெருவால் போகிற சத்தம், பிறகு திரும்பி வருகிற சத்தம். அவ்வளவையும் குளிரில் நின்று கேட்பார். வந்து இறங்கியதும், "தபால்பெட்டிச் சந்தியில ரெண்டாவதுக்குப் பிந்திப் போட்டீர்" என்பார். அல்லது, "பின்தெருவில இண்டைக்கு நல்லாயிருந்தது" என்பார். காரை அவர் கண்ணால் பார்த்திருக்கவே முடியாத இடங்கள் அவை. டெனிஸிடம் இதைச் சொன்னேன். அவர் நம்பாமல், ஒரு நாள் வேண்டுமென்றே என்னை ஒரு சந்தியில் மூன்றாவதில் திரும்பச் சொன்னார். வந்து இறங்கியதும் இவர் டெனிஸைப் பார்த்து, "சேர், அது நீங்கள் சொல்லித்தானே செய்தவ?" என்றார். டெனிஸ் தொப்பியைக் கழற்றினார். முப்பது வருடம் பஸ் ஓடிய தனக்கு அந்தக் காது வாய்க்கவில்லை என்றார். அன்றைக்குத்தான் இவர் அவரிடம் இருமலின் கதையையும் சொன்னார். டெனிஸ், "அப்படியானால் என் பெப்பர்மின்றுகள் எல்லாம் வீண்" என்றார்.

முள்ளைப் பார்க்காமல் எஞ்சினைக் கேட்க நான் அப்போதுதான் பழகினேன். ஒரு கியர் தன் வேலையை முடித்துவிட்டால் எஞ்சின் தானே மூச்சு முட்டிச் சொல்லும். அதைக் கேட்காமல் இவ்வளவு நாளும் இருமலை எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒன்றே ஒன்றில் மட்டும் இவரால் எனக்கு உதவ முடியவில்லை. ரயில் பாலத்து ஏற்றத்தில் காரை நிறுத்தி, பின்னுக்கு உருளாமல் மறுபடி எடுக்கவேண்டும். யாழ்ப்பாணம் கோப்பையில் தட்டின மா மாதிரிச் சமதரை. மொறிஸ் மைனரின் ஹான்ட் பிரேக் வேலை செய்து இவர் கண்டதில்லை, தேவையும் வந்ததில்லை. "இது எனக்கும் தெரியாத வேலை. டெனிஸைக் கேளும்" என்று ஒத்துக்கொண்டார். ஒரு சாரதி, அதுவும் எங்கள் ஊர் ஆம்பிளை, தன் பெண்சாதியிடம் அப்படிச் சொல்வது சின்ன விஷயமில்லை. டெனிஸ் என்னை அந்தப் பாலத்தில் ஒரே நாளில் இருபது தடவை நிறுத்தி எடுக்க வைத்தார். பின்னால் வந்த ஒவ்வொரு காரும் பொறுமையாக நின்று, விலத்திக்கொண்டு போனது.

ஏப்ரலில் இரண்டாவது டெஸ்ட். வேறொரு மனிதர். அவருக்குத் தடிமன் இல்லை, ஆனால் பேனாவைத் தட்டும் பழக்கம் இருந்தது. தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு ஒடுங்கிய தெருவில் எதிரே ஒரு பால் வண்டி விளக்கை மின்னியது. நான் கையை உயர்த்திவிட்டு, நிற்காமல் இரண்டாவதில் போனேன். பாலத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எடுத்தேன். கார் ஒரு அங்குலமும் பின்னுக்குப் போகவில்லை. திரும்பி வந்ததும் ஒரு தாளைக் கிழித்துத் தந்து, பாஸ் என்றார். வாசலில் நின்ற இவரிடம் நான் தாளைக் காட்ட முன்னரே, "தெரியும். உள்ள வரேக்கையே கேட்டனான்" என்றார். மொறீன் அடுத்த திங்கள் வானின் திறப்பை என் கையில் வைத்து, "உருளைக்கிழங்கு உன்னைத் தேடும்" என்றாள்.

அந்த வான் எனக்கு இந்த ஊரைத் திறந்துவிட்டது. அதுவரை லண்டன் என்றால் எனக்கு பஸ் தரிப்பு, கோயில், சமையலறை. பிறகு ஒவ்வொரு மதியமும் இருபத்தைந்து கதவுகள். தனியாக இருந்தும் சாப்பாடு வாங்குவதற்காகக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து கதவு திறக்கிற தொண்ணூறு வயதுக்காரர். கண் தெரியாவிட்டாலும் என் வானின் சத்தத்தை வைத்து "இன்றைக்கு இரண்டு நிமிடம் பிந்திவிட்டாய்" என்கிற மனுஷி. இரண்டாம் உலக யுத்தத்தில் அம்புலன்ஸ் ஓடியதாகச் சொல்லி, நான் கியர் மாற்றுவதை ஜன்னலிலிருந்து கேட்டுச் சரி பிழை சொல்கிற இன்னொருத்தி. இவர்களையெல்லாம் பார்க்கும்போது, கவலைப்படுவதற்கு நேரம் ஒதுக்காமல் வாழ்வது எப்படி என்று எனக்குக் கொஞ்சம் விளங்கியது. வீட்டுக்கு வந்து இவருக்கு ஒவ்வொரு கதவாகச் சொல்வேன். பொறாமையின் ஒரு நிழல்கூட இல்லாமல் இவர் கேட்பார். வார இறுதிகளில் சிவப்புக் காரில் நான் ஓட, இவர் பக்கத்தில் இருக்க, கோயிலுக்கும் கடைக்கும் கடற்கரைக்கும் போனோம். ஒரு நாளும் இருமவில்லை. ஏழு வருடம் அப்படிப் போனது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மாதிரி, வேறு கார் வாங்க வழி வந்தது. இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை. ஓட்டோமற்றிக்தான் என்று சொல்லிவிட்டேன். இவர் மறுக்கவில்லை. டெனிஸே பக்கத்திலிருந்து பழக்கி, இவர் முதல் டெஸ்டிலேயே பாஸ் பண்ணினார். சிவப்புக் காரை விற்க விளம்பரம் கொடுத்தோம். ஃபொறஸ்ற் கேற்றிலிருந்து ஒரு ஜமெய்க்கா நேர்ஸ் மகளுக்காகப் பார்க்க வந்தாள். கண்டிப்பான பெண். எஞ்சினைப் பார்த்தாள், ரயர்களைப் பார்த்தாள், பிறகு குனிந்து இடது பக்கச் சீற்றுக்கு முன்னால் கிடந்த இறப்பர் விரிப்பைத் தூக்கினாள். கீழே கம்பளம் ஒரு பாதத்தின் அளவுக்குத் தேய்ந்து, இரும்பு தெரிந்தது.

"இது டிரைவிங் ஸ்கூல் காரா?" என்று சந்தேகத்தோடு கேட்டாள். அப்படியான கார்களில் ஆசிரியரின் பக்கத்திலும் ஒரு கிளட்ச் இருக்கும். பழகுகிறவர்கள் உழக்கிய காரை யாரும் விரும்புவதில்லை. இல்லை என்றேன். என்னுடைய பக்கத்தைக் காட்டினேன். அங்கே அவ்வளவு தேய்வில்லை. அது அவளுடைய சந்தேகத்தைக் கூட்டியது. "அப்படியானால் இந்தப் பக்கத்தில் இருந்து யார் ஓடியது?" என்றாள்.

இவர் காரின் மறுபக்கத்தில் நின்றார். சிறிது வெட்கப்பட்டது போல் கழுத்தைத் தடவிக்கொண்டு, "நான்தான்" என்றார். "அவ கிளட்ச் அமத்திற நேரமெல்லாம் நானும் அமத்துவன். இந்தக் கால் அமத்தாது. ஆனா அமத்தும்."

அவள் இவரையும் அந்தத் தேய்வையும் பார்த்தாள். பிறகு விரிப்பைப் பழையபடி போட்டுவிட்டு, காரை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். சனிக்கிழமைகளில் காரின் உள்ளே கூட்டுவதற்கு இவர் என்னை விட்டதே இல்லை. சோம்பேறிக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு வருடமாக என் பக்கத்தில் இருந்து, எனக்குக் கேட்காமல், எனக்குத் தெரியாமல், ஒவ்வொரு சந்தியிலும் இவரும் கியர் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு இவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல் இருந்தது. தெருவில் நின்றதால் செய்யவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, புதுக் காரில் இவர் என்னை இல்ஃபோர்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை நான் இடது பக்கத்தில். இவர் ஓடுவதைப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். ஒடுங்கிய தெருவில் எதிரே ஒரு கார் மின்னியது. இவர் நிதானமாகக் கையை உயர்த்திவிட்டுப் போனார். வலது கால் வேலை செய்தது. கார் தன்பாட்டில் கியரை மாற்றும் அந்தச் சின்ன மூச்சு கேட்கும்போதெல்லாம், வேலையில்லாத இடது கால் தரையை மெல்ல அமத்தி, மெல்ல விட்டது. வலது கால் றொம்ஃபோர்ட் றோட்டில் போகிறது, மற்றது சுன்னாகத்தில் யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சியை நித்திரை குழம்பாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

"என்ன கீழ பாக்கிறீர்?" என்றார்.

"ஒண்டுமில்லை. நீங்கள் றோட்டைப் பாத்து ஓடுங்கோ" என்றேன்.